இன்னும் போகாத ஹாஜியாரின் அடையாள அட்டை

போன மாதம் புதிய அட்டை எடுப்பதற்காக வங்கிக்குப் போயிருந்தேன். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த பிள்ளைக்கு என் கடைசி மகளின் வயதுதான் இருக்கும். பெயர் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சேர், நீங்க ஹஜ்ஜுக்குப் பெய்த்து வந்தவங்கதானே? பேருக்கு முன்னால ‘அல்ஹாஜ்’ போடுவமா? அட்டையிலயும் அப்பிடியே வரும்.”

“வேணாம் மகள். ஜமால்தீன் எண்டு மட்டும் எழுதுங்க.”

“ஏன் சேர்? மரியாததானே?”

மரியாதைதான். அந்த மரியாதையாலேயே ஒரு மனிதரின் ஹஜ்ஜைக் கெடுக்கப் பார்த்தவன் நான். ஆனால் எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அந்தக் கதையை அங்கே அவிழ்க்காமல் இங்கே எழுதுகிறேன்.

முப்பத்துநாலு வருஷம் அரசாங்கத்தில் குப்பை கொட்டியவன் நான். எழுபதுகளின் நடுவில் கல்முனைப் பக்கத்துக் காரியாலயம் ஒன்றில் இலிகிதராக, அதாவது எழுத்தராகச் சேர்ந்தேன். எந்தக் காரியாலயம் என்று சொல்லமாட்டேன். பிழை என்னுடையது, கட்டடம் பாவம். முதல் வருஷம் முழுக்க நான் கற்றுக்கொண்டவை இரண்டுதான்: கோப்புக்கு நூல் கட்டுவது, பெரியவர்கள் கதைக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. இரண்டாவது இன்னும் சரியாக வரவில்லை என்று என் மனைவி சொல்கிறாள்.

பிறகு என்னை அடையாள அட்டைப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே எனக்கு மேலே இருந்தவர் பிரதம இலிகிதர் சோமசுந்தரம் ஐயா. திருக்கோவிலிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவார். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் சிவப்புப் பென்சில், கையில் கோடு போடும் ஓர் அடிமட்டம். விண்ணப்பம் அவர் மேசைக்குப் போனால், விண்ணப்பக்காரரை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு, பெயருக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாக வாசிப்பார். வாசித்து முடிந்ததும் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்பார்:

“இது நீங்கதானா?”

“ஓம்” என்ற பதில் வராமல் அடிமட்டம் அடுத்த வரிக்கு இறங்காது. எழுத்துத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் ஒரே நடைமுறைதான். பாடசாலை அதிபர் ஒருவர், “என்ட பேர் எனக்குத் தெரியாதா?” என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் வந்து மேசைக்கு முன்னால் நின்று, அடக்கமாக “ஓம்” சொல்லிவிட்டுப் போனார்.

ஐயாவிடம் பட்டங்கள் செல்லாது. எங்கள் பகுதியில் ஒரு மனிதருக்குப் பெயரை விடப் பட்டம்தான் முந்திக்கொண்டு வரும். போடியார், விதானையார், ஓடாவியார், மாஸ்டர், மௌலவி என்று அழைத்து அழைத்தே சொந்தப் பெயர் மறந்துவிடும். ஐயாவோ பிறப்புச் சான்றிதழை மட்டும்தான் நம்புவார். “பேர் பிறந்த அண்டு வந்தது. பட்டம் பொறகு வந்தது. பொறகு வந்தது செருப்போட வெளியில நிக்கட்டும்” என்பார். ஒருமுறை இறக்காமத்திலிருந்து பெரிய வயற்காரர் ஒருவர் வந்து, அட்டையில் ‘போடியார்’ என்று வரவேண்டும் என ஒற்றைக் காலில் நின்றார். ஐயா மிக மரியாதையாகக் கேட்டார்.

“ஒங்கட வயலுக்க யானை வாறதா?”

“வராம? போன போகத்திலயும் அரைவாசிய மிதிச்சிப் போட்டுது.”

“நீங்க போடியார் எண்டு அந்த யானைக்குத் தெரியுமா?”

“யானைக்கு என்னண்டுகா தெரியும்?”

“அப்ப அட்டையப் பாக்கிற பொலிசுக்கும் தெரியத் தேவல்ல.”

அவரே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வெறும் பெயரோடு போனார். இப்படிப்பட்ட ஒருவரிடம் வேலை பழகியவன்தான் நான். பிறகும் வழுக்கினேன்.

என் பிழையின் பெயர் காசிம். பிறப்புச் சான்றிதழின்படி அகமதுலெப்பை காசிம். சந்தைக்குப் போகிற தெருவில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். ஊரில் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை எல்லாருக்கும் அவர் ‘ஹாஜியார்’தான். கடைக்கு மேலே ‘ஹாஜியார் சைக்கிள் கடை’ என்று நீல எழுத்தில் பலகை தொங்கியது. ஆனால் அவர் ஹஜ்ஜுக்குப் போனவரே இல்லை.

நடந்தது இதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில், சிறுகச் சிறுகச் சேர்த்து, காசிம் காக்கா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். எங்களைவிட மூத்தவர்களை நாங்கள் காக்கா, ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊரில் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போவதென்றால் அது அவருடைய பயணம் மட்டுமல்ல. அவர் வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பார். ஊரே திரண்டு வந்து பைத் என்ற புகழ்ப்பாட்டு ஓதி, பன்னீர் தெளித்து, வாகனத்தில் ஏற்றும். வாகனம் அசைகிற அந்த நிமிஷமே பெயர் மாறிவிடும். “ஹாஜியார் போறார், வழி உடுங்க!” என்று யாராவது கத்துவார்கள். அன்று முதல் அவர் ஹாஜியார்தான். திரும்பி வரும்வரை காத்திருக்கிற பொறுமை எங்கள் ஊருக்கு இல்லை.

காசிம் காக்கா கொழும்பு வரைதான் போனார். அங்கே வைத்தியப் பரிசோதனையில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முதுகெல்லாம் கொப்பளிப்பான், அதுதான் அம்மை. கூட வந்தவர்கள் கப்பலேறப் போக, இவரைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஹஜ்ஜுக்கென்று கொடுத்த பயணப் பத்திரத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஹஜ்ஜுப் பெருநாளை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கொண்டாடினார். உடம்பெல்லாம் தழும்போடு ஊருக்கு வந்து இறங்கியபோது, கொடுத்த பட்டத்தை எப்படித் திரும்ப வாங்குவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் வாங்கவில்லை. பலகையும் அவர் எழுதியதல்ல. பெயின்டர் இஸ்மாயில் அன்பளிப்பாக எழுதிக்கொண்டு வந்து, அவர் லுஹர் தொழப் போன நேரம் பார்த்து ஆணி அடித்துவிட்டுப் போனதுதான்.

அவரை யாராவது “ஹாஜியார்!” என்று கூப்பிட்டால், அவர் “ஓம்” என்று சொல்லமாட்டார். “இன்ஷா அல்லாஹ்”, அதாவது இறைவன் நாடினால், என்பார். அதை நாங்கள் ஒரு பக்திப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது பதிலல்ல, திருத்தம் என்று எனக்கு விளங்க வருஷக்கணக்காயிற்று.

எழுபத்தெட்டுச் சூறாவளி வந்தது. தென்னை, கூரை, கடதாசி எல்லாம் ஒன்றாகப் பறந்தன. அதுவரை அடையாள அட்டையே எடுக்காதவர்கள்கூட எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் காரியாலயத்துக்கும் பாதிக் கூரைதான் மிச்சம். சோமசுந்தரம் ஐயாவின் வீட்டுக்கு அதுவும் இல்லை. அவர் இரண்டு கிழமை லீவு போட்டுவிட்டுத் திருக்கோவிலில் கூரைக்குத் தென்னோலைக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தார். மேசையும் அடிமட்டமும் என்னிடம் இருந்தன.

அந்த வரிசையில் காசிம் காக்கா வந்தார். என் முதல் சைக்கிளுக்குக் காற்றடித்த மனிதர். வாப்பாவின் வயது. பிறப்புச் சான்றிதழை நீட்டினார். ‘அகமதுலெப்பை காசிம்’ என்று எழுதப் போன என் கை கூசியது. ஒரு ஹாஜியாரை வெறும் பெயரோடு எழுதுவதா? முன்னால் ‘அல்ஹாஜ்’ என்று அழகாகப் போட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வாசித்துக் காட்டியிருந்தால் அவரே தடுத்திருப்பார். ஆனால் அந்தப் பெரிய மனிதரைப் பார்த்து “இது நீங்கதானா?” என்று எப்படிக் கேட்பது என்று எனக்கு வெட்கம். கேட்காமலே விண்ணப்பத்தை நீட்டினேன். அவருக்கு அரபெழுத்துத்தான் வாசிக்கத் தெரியும், தமிழெழுத்துத் தெரியாது. அரபெழுத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, “அல்லாஹ் ஒங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும் தம்பி” என்று சொல்லிப் போனார். அட்டை வந்தது. பொலித்தீனில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாலு வருஷம் கழித்து ஒரு காலை. காசிம் காக்காவும் அவருடைய மனைவி சுலைஹா ராத்தாவும் காரியாலயத்துக்குள் வந்தார்கள். ராத்தாவின் கையில் கொழும்பிலிருந்து வந்த கடிதம். அந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் தொகைக்கு ஒரு வரம்பு இருந்தது. முதல் தடவை போகிறவர்களுக்குத்தான் முதலிடம். இருவரும் விண்ணப்பித்திருந்தார்கள். ‘விண்ணப்பதாரர் ஏற்கெனவே ஹஜ் செய்தவர் என அவருடைய அடையாள அட்டையிலிருந்து தெரிவதால்’ என்று தொடங்கியது கடிதம். கணவர் போகாவிட்டால் மனைவிக்கும் பயணம் இல்லை. மறுப்பு இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் ஆதாரத்தோடு தெரிவிக்க வேண்டும்.

“ரெண்டாந் தரம் போற ஆக்களாம் நாங்க!” என்றார் சுலைஹா ராத்தா. “மொதல் தரம் எப்ப போன எண்டு இந்த மனிசன்ட்டயே கேளுங்க!”

சோமசுந்தரம் ஐயா கடிதத்தை வாசித்தார். அட்டையை வாங்கி மேசையில் வைத்தார். அடிமட்டத்தைப் பெயருக்குக் கீழே வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

“ஜமால்தீன் தம்பி, வாசிங்க.”

வாசித்தேன். “அல்ஹாஜ் அகமதுலெப்பை காசிம்.”

ஐயா நிமிர்ந்து பார்த்தார். “இது நீங்கதானா?”

காசிம் காக்கா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்ல ஐயா” என்றார். “இது நானில்ல. யா அல்லாஹ், நாலு வருஷமா இந்தப் பொய்ய நெஞ்சுக்கு நேராயா வெச்சிருந்தன்?”

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்ட நாள் வேறில்லை. “நான்தான் எழுதின காக்கா. மரியாதைக்கி…” என்று இழுத்தேன்.

“ஒங்கட மரியாத எங்கள ஊட்டோட இருத்திப் போட்டுதே தம்பி!” என்றார் ராத்தா.

ஐயா ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். சிவப்புப் பென்சிலை எடுத்து என் கையில் தந்தார். “எழுதின கைதான் திருத்தவும் வேணும். இருபத்தொரு நாள் இருக்கு. தொடங்குங்க” என்றார்.

அட்டையைத் திருத்துவது பெரிய காரியமில்லை. பிறப்புச் சான்றிதழ், சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி, எங்கள் கடிதம். இரண்டே நாளில் முடித்தேன். அவர் ஹஜ்ஜுக்குப் போகவில்லை என்பதற்கான ஆதாரம்தான் இடித்தது. போனதற்குச் சாட்சி இருக்கும். போகாததற்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது? பள்ளிவாசலில் ஒரு கடிதம் வாங்கலாம் என்று போனேன். அஸர் தொழுகை முடிந்து மரைக்கார்மார், அதாவது பள்ளி நிர்வாகிகள், பாயில் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பெரிய மரைக்காருக்கு முகம் மாறிவிட்டது.

“ஹாஜியார ஹாஜி இல்லண்டு பள்ளிக்குள்ள இருந்து நாங்க எழுதிற? என்ன கதகா கதைக்கிறீங்க?”

“அவர் போகல்லதானே?”

“போகல்லதான். அது எல்லாருக்கும் தெரியும்.”

“அதைத்தான் எழுதச் சொல்றன்.”

“அதெப்பிடி எழுதிற? கலியாணப் பதிவுல சாட்சிக்கி அவர்ர பேர அல்ஹாஜ் எண்டு நாங்களே எழுதியிரிக்கம். இப்ப இல்லண்டா பள்ளிப் பதிவே பொய்யாப் பெய்த்திரும். இவ்வளவு காலமும் கூப்பிட்ட வாயால என்னண்டுகா இல்லண்டு சொல்லிற?”

அன்பு இப்படியும் ஆளைக் கட்டிப்போடும் என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன். போதாக்குறைக்கு, திரும்பி வரும் வழியில் சைக்கிள் கடை வாசலில் இன்னொரு சண்டை. காசிம் காக்கா ஏணி வைத்து ஏறி, பலகையிலிருந்த ‘ஹாஜியார்’ என்ற சொல்லை மண்ணெண்ணெய்த் துணியால் அழித்துக்கொண்டிருக்கிறார். கீழே பெயின்டர் இஸ்மாயில் நின்று, “என்ட எழுத்த அழிக்க நீங்க ஆரு காக்கா?” என்று குதிக்கிறார்.

மறுநாள் ஐயாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அடிமட்டத்தால் உள்ளங்கையைத் தட்டினார்.

“போகல்ல எண்டதுக்குச் சாட்சி தேடாதீங்க தம்பி. அந்த நாள்ல அவர் எங்க இருந்தார் எண்டதுக்குத் தேடுங்க. மனிசன் ஒரே நேரம் ரெண்டு இடத்துல இருக்க ஏலாதுதானே?”

ஓட்டமாக ஓடினேன் காசிம் காக்காவின் வீட்டுக்கு. ஆஸ்பத்திரியில் தந்த துண்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். காக்கா கையை விரித்தார். சூறாவளியில் எல்லாம் போயிற்றாம். சுலைஹா ராத்தா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தார்.

“சூறாவளியண்டு சட்டி பானையெல்லாம் உட்டுட்டுப் பள்ளிக்கி ஓடின. இந்தப் பெட்டிய மட்டும் நான் உடல்ல” என்றார்.

உள்ளே இரண்டு வெள்ளைத் துண்டுகள். ஹஜ்ஜில் உடுத்துவதற்கென்று முதல் பயணத்துக்கு வாங்கிய இஹ்ராம் துணி. ஒருநாளும் உடுத்தாதது. ஒவ்வொரு வருஷமும் ஹஜ்ஜு மாதத்தில் ராத்தா அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மடித்து வைத்திருக்கிறார். அது காக்காவுக்கே தெரியாது. அவர் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார். மடிப்புக்குள்ளிருந்து ராத்தா பழுப்பேறிய ஒரு கடதாசித் துண்டை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள், வெளியேறிய நாள், இரண்டும் இருந்தன. ஹஜ்ஜுப் பெருநாள் அந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக விழுந்தது. பெயர்: ஏ.எல். காசிம். முன்னால் ஒன்றுமில்லை. அவரைத் தெரியாத ஊரில்தான் அவருடைய பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள்.

ஐயாவுக்கு அந்தத் துண்டைக் கண்டதும் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “கெட்டிக்காரி!” என்று மேசையில் ஓங்கித் தட்டினார். பிறகு, மற்ற வருஷங்களிலும் அவர் போகவில்லை என்று பள்ளிவாசலும் சொன்னால்தான் கொழும்புக்காரர் முழுக்க நம்புவார்கள் என்று சொல்லி, பள்ளிக் கடிதத்தைத் தானே எழுத உட்கார்ந்தார்.

“தம்பி, ஒண்டச் செய்யோணும் எண்டு மனசால நினைச்சி வைக்கிறதுக்கு ஒங்கட ஆக்கள் ஒரு சொல் சொல்லுவாங்களே?”

“நிய்யத்து, ஐயா.”

“ஆ, அதுதான்.” எழுதினார். இன்றும் அந்த வரிகள் எனக்கு மனப்பாடம்: ‘ஹஜ் கடமையை நிறைவேற்ற வேண்டும் என்ற இவருடைய நிய்யத்தை மதித்து, ஊர் மக்களாகிய நாம் அன்பின் மிகுதியால் இவரை ஹாஜியார் என்று முன்கூட்டியே அழைத்து வருகிறோம். அந்த அழைப்பை உண்மையாக்கித் தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.’

திருநீறு பூசிய மனிதர் எழுதிய அந்தக் கடிதத்தைப் பள்ளிவாசலில் வாசித்தேன். பெரிய மரைக்கார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதுல என்னகா பிழ இரிக்கி? இது எங்கட கததானே!” என்று பேனையைப் பறித்தார். மூன்று கையெழுத்துப் போதும் என்றேன். கேட்டார்களா? பதினேழு பேர் வைத்தார்கள். கடைசியாகப் பெயின்டர் இஸ்மாயில் வந்து, கடதாசியின் ஓரத்தில் தன் அழகான எழுத்தில் நீளமாக ஒரு கையெழுத்தை வைத்துவிட்டுப் போனார்.

காசிம் காக்காவும் நானும் பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி ஆஸ்பத்திரித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிதத்தை வாசித்தார். கையெழுத்துகளை எண்ணினார். “ஒரு ஊரே சேர்ந்து தங்கட ஆள் ஹாஜி இல்லையெண்டு கையெழுத்து வெச்சத நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்” என்று சிரித்துவிட்டு, இரண்டு பெயரையும் பட்டியலில் சேர்த்தார்.

புதிய அட்டை வந்ததும் ஐயா அடிமட்டத்தை வைத்து வாசித்தார். “அகமதுலெப்பை காசிம். இது நீங்கதானா?”

“ஓம் ஐயா. நான்தான்.”

இந்த முறை வழியனுப்ப வந்த கூட்டம் முந்தியதை விடப் பெரிது. பைத் ஓதினார்கள், பன்னீர் தெளித்தார்கள். ஆனால் வாகனம் அசைந்தபோது ஒருவரும் “ஹாஜியார்” என்று கத்தவில்லை. பெரிய மரைக்கார் வாயில் விரலை வைத்து எல்லாரையும் அடக்கிக்கொண்டு நின்றார். “காசிம் காக்கா, பெய்த்து வாங்க!” என்றுதான் ஊரே கூவியது. சுலைஹா ராத்தா ஜன்னலால் தலையை நீட்டி, “கொப்பளிப்பான் ஒண்டும் இல்ல, நான் முதுகப் பாத்துட்டுத்தான் ஏத்தின!” என்று கத்தினார்.

இரண்டு மாதத்தின் பின் ஒரு காலை, தலை மழித்து, வெயிலில் கறுத்து, காசிம் காக்கா எங்கள் காரியாலய வாசலில் வந்து நின்றார். பின்னால் ராத்தா, கையில் ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலும் பேரீச்சம்பழமும். நாங்களெல்லாம் எழுந்து ஓடினோம். ஆனால் எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குக் குழப்பம். பட்டபாட்டுக்குப் பிறகு அந்தச் சொல் வாயில் வரவே பயந்தது.

சோமசுந்தரம் ஐயா தன் கதிரையிலிருந்து எழுந்தார். அரசாங்க அதிபர் வந்தாலொழிய எழும்பாத மனிதர். அத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளாவது காசிம் காக்காவைப் பட்டம் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“வாங்க ஹாஜியார்!”

பழக்கத்தில் காக்காவின் வாய் “இன்ஷா…” என்று தொடங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினார். ராத்தாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஐயாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்:

“அல்ஹம்துலில்லாஹ்.”